பாங்கு நேரத்தில் அணைத்த இன்ஜின்

எந்த போல்ட்டை எவ்வளவு முறுக்குவது, எந்த இடுக்கில் எத்தனை பாயின்ட் இடைவெளி விடுவது என்பதையெல்லாம் என்னிடம் எதிர்பார்க்காதீர்கள். அது மேனுவலில் இருக்கிறது. உங்கள் கையிலிருக்கும் போனிலும் இருக்கிறது. பெரம்பலூரில் முப்பத்தெட்டு வருஷம் இன்ஜின் பிரித்துப் பூட்டியவன் நான். இந்த வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களுக்கு, நான் ஓர் இன்ஜினை அணைத்த கதையைச் சொல்கிறேன். ஓட்டிய கதையைச் சொல்ல ஊரில் ஆயிரம் பேர் இருக்கிறார்கள்.

எங்கள் குடும்பத்தில் கையில் எண்ணெயோடு வீடு திரும்பிய முதல் ஆள் நான்தான். எனக்கு முன்னால் எல்லோரும் அடுத்தவர் வயலிலிருந்து சேற்றுக் காலோடு திரும்பியவர்கள். அதனால் எனக்குத் தொழிலில் கொஞ்சம் திமிர் உண்டு. என் வேலையில் குறை சொன்னால் மூக்கு சிவந்துவிடும். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பின்னால் தேவைப்படும்.

பட்டறை பழைய பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருந்தது. ஒரு பக்கச் சுவரை ஒட்டிப் பள்ளிவாசல். தொழுகைக்கு அழைக்கும் பாங்கு ஒலிக்கத் தொடங்கியதும் லேத்தை நிறுத்துவோம், கிரைண்டரை நிறுத்துவோம், ரேடியோவைக் குறைப்போம். எதிரே டீக்கடைக்காரரும் பாட்டை நிறுத்திவிடுவார். யாரும் போர்டு மாட்டி வைக்கவில்லை, யாரும் வந்து கேட்கவுமில்லை. நான் வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து அப்படித்தான். பாங்கு முடியும் வரை கையைத் துடைத்துக்கொண்டு நிற்பது சுகமாகவும் இருக்கும்.

எண்பதுகளின் நடுவில், ஒரு நாள் ஜமால் வந்தான். லப்பைக்குடிக்காட்டுக்காரன், வளைகுடாவில் கார் பட்டறை ஒன்றில் வேலை. இருபத்தேழு வயது இருக்கும். இரண்டு வருஷத்துக்கு ஒரு முறை, இரண்டு மாத லீவில் ஊருக்கு வருவான். மற்றவர்கள் டேப் ரெக்கார்டரும் சென்ட் பாட்டிலும் கொண்டுவருவார்கள். இவன் ஒரு துண்டில் சுற்றி, குழந்தையைத் தூக்குகிற மாதிரி மடியிலேயே வைத்துக்கொண்டு ஒரு டர்போவைக் கொண்டுவந்திருந்தான். அங்கே அடிபட்டு நொறுங்கிய கார் ஒன்றிலிருந்து கழற்றிய பழைய சாமான்.

“ஏர்போர்ட்ல புடிச்சுக்கிட்டாங்கண்ணே. இது என்னா சங்கான்னு கேட்டாங்க. ஆமா சார், ஊதறதுதான்னு சொன்னேன். விட்டுட்டாங்க” என்று சிரித்தான்.

டர்போ என்றால் உங்களுக்குத் தெரியும். எனக்கு அன்று தெரியாது. இன்ஜின் கக்குகிற புகையே ஒரு சக்கரத்தைச் சுழற்றும். அதே தண்டின் மறுமுனையில் இருக்கும் இன்னொரு சக்கரம் காற்றை அமுக்கி இன்ஜினுக்குள் தள்ளும். வெளியே போகிற புகையைக்கூடச் சும்மா விடாமல் வேலை வாங்கும் சாமர்த்தியம் எனக்கு ரொம்பவும் பிடித்துவிட்டது.

அவன் வீட்டில் ஆயிரத்து நூறு சிசி பழைய கார் ஒன்று நின்றது. மெட்ராசுக்கு வடக்கே பழைய விமான ஓடுதளத்தில் கார் பந்தயம் நடக்கும், அந்தக் காரில் டர்போ பூட்டி அதில் ஓடவேண்டும் என்பது அவன் ஆசை. அவனுடைய லீவு முடியும் வாரத்து ஞாயிற்றுக்கிழமை பந்தயம். திங்கட்கிழமை விமானம். ஞாயிறு தவறினால் இன்னும் இரண்டு வருஷம். அதற்குள் கல்யாணம், குழந்தை, தங்கையின் கல்யாணம் என்று எல்லாம் வந்து சேரும். “இந்த ஒரு தடவைதாண்ணே எனக்கு” என்று அவன் சொன்னதில் பொய் இல்லை.

டர்போ பற்றித் தெரிந்த ஒரே ஆள் அரியலூர் பக்கம் சுண்ணாம்புக்கல் சுரங்கத்தில் இருந்தார். அங்கே ஓடும் பெரிய மண்வாரி வண்டிகளில் டர்போ உண்டு. அவற்றைப் பார்த்துக்கொள்ளும் ஃபோர்மேன் அவர். பெயரைச் சொல்லமாட்டேன், சொன்னால் சண்டைக்கு வருவார். என்னைவிட மூன்று வயது இளையவர். அவர் என்னை அண்ணே என்பார். நான் அவரை சார் என்பேன். காக்கிச் சட்டை போட்டவரை வேறெப்படிக் கூப்பிட?

லீவு நாளில் பட்டறைக்கு வர ஒத்துக்கொண்டவர், முதல் வாரமே என் மூக்கை உடைத்தார். எங்கள் பக்கத்து லாரி முதலாளிகளுக்கு ஒரு நம்பிக்கை இருந்தது. புதிதாகப் பூட்டிய இன்ஜின் இறுக்கமாக இருக்கவேண்டும், கைப்பிடி போட்டுச் சுற்றினால் இரண்டு ஆளுக்கு மூச்சு வாங்கவேண்டும். சுலபமாகச் சுற்றினால் ‘என்னாப்பா, லூசா பூட்டிட்டியா?’ என்று முகம் சுளிப்பார்கள். இறுக்கிப் பூட்டுவதில் நான் பேர் வாங்கியவன். ஜமாலின் இன்ஜினையும் அப்படித்தான் பூட்டி வைத்திருந்தேன்.

ஃபோர்மேன் ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார். “என்னண்ணே இது, பிஸ்டனா, ஊறுகாய் ஜாடி மூடியா? இந்த உரசலுக்கே பாதி பெட்ரோல் போயிடும். மிச்சத்துல வண்டி எங்க ஓடறது?”

அடுத்த தடவை வந்தபோது மீன் நிறுக்கும் கொக்கித் தராசு ஒன்றைக் கொண்டுவந்தார். ஒவ்வொரு பிஸ்டனையும் அதில் மாட்டி இழுக்கவைத்தார். எத்தனை கிலோ இழுவையில் பிஸ்டன் நகர்கிறது என்று முள் காட்டும். நான்கு பிஸ்டனும் ஒரே இழுவையில், அதுவும் குறைந்த இழுவையில் நகரும் வரை சிலிண்டரைத் தேய்த்தேன். முதல் நாள் அவரை மனதுக்குள் திட்டிக்கொண்டே தேய்த்தேன். மூன்றாம் நாள், பிஸ்டன் வெண்ணெயில் இறங்குகிற கத்தி மாதிரி இறங்கியபோது, இத்தனை வருஷம் லாரிக்காரர்களின் முகத்துக்காக வேலை செய்திருக்கிறோமே என்று வெட்கமாக இருந்தது.

பிறகு எடை. பிஸ்டன்களைத் தாங்கும் கனெக்டிங் ராடுகள் நான்கையும் மஞ்சப்பையில் போட்டு அரியலூரில் ஒரு நகைக்கடைக்கு எடுத்துப்போனோம். வெள்ளிக் குடம் நிறுக்கும் தராசில் வைத்து, நான்கும் ஒரே எடைக்கு வரும்வரை சீவினோம். கடைக்காரர் “இது எந்தக் கோயில் சாமானுங்க?” என்று கேட்டார். பிளைவீல் என்ற கனத்த சக்கரத்தையும் லேத்தில் போட்டு இளைக்க வைத்தோம். எனக்கு ருசி கண்டுவிட்டது. இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று கை ஊறியது. ஃபோர்மேன்தான் நிறுத்தினார். “போதும்ணே. இதுக்கு மேல சீவினா எலும்பு தெரியும்.”

கடைசியாக டர்போவைக் கையில் எடுத்து, எங்கள் இருவரையும் நிற்கவைத்து ஒன்று சொன்னார். எங்கள் இருவரையும் என்பதைக் கவனியுங்கள், ஜமாலும் கேட்டுக்கொண்டுதான் இருந்தான்.

“இந்தத் தண்டு எண்ணெய் மேல மிதந்துதான் சுத்துது. பாரம் இழுத்து முடிச்சதும் குழாய் செவந்து கெடக்கும். அப்ப டக்குனு அணைச்சா எண்ணெய் வரத்து நின்னு போயிடும், உள்ள நிக்கிற எண்ணெய் வெந்து கரியாயிடும். அதனால மூணு நிமிஷம் சும்மா ஸ்லோவுல ஓடட்டும். ஆறினதும் அணைங்க. யாரு செத்தாலும் சரி, மூணு நிமிஷம்.”

நான் ஒரு பலகையில் சாக்பீசால் ‘அணைக்குமுன் 3 நிமிஷம்’ என்று கொட்டை எழுத்தில் எழுதினேன்.

காரில் பூட்டுவதற்கு முன் இன்ஜினைப் பாரத்தில் ஓட்டிப் பார்க்கவேண்டும். அதற்குப் பெரிய கம்பெனிகளில் மிஷின் இருக்கும். எங்களுக்கு ஜமால் வீட்டு வயல் கிணறு இருந்தது. மோட்டார் கொட்டகையில் இன்ஜினை நிறுத்தி, ஒரு பெரிய பம்பை அதோடு கோத்தோம். பம்பின் வால்வைத் திறந்தால் தண்ணீர் அதிகம் பாயும், இன்ஜினுக்குப் பாரம் கூடும். மூடினால் குறையும். பலகையை எதிர்த்தூணில் மாட்டினேன். பந்தய இன்ஜின் இறைத்த தண்ணீரில் அந்த வருஷம் அவர்கள் வயல் மூன்று நாள் நனைந்தது. பக்கத்து வயல்காரர் “நமக்கும் ஒரு மடை திருப்பி வுடுங்க தம்பி” என்று வந்து நின்றார்.

புதன்கிழமை சாயங்காலம் கடைசிச் சோதனை. ஜமால் வால்வுப் பக்கம் நின்றான். நான் சுவிட்சுப் பக்கம். பாரத்தை முழுக்கத் திறந்து கால் மணி நேரம் ஓட்டினோம். டர்போவின் விசில் சத்தம் ஏறிக்கொண்டே போனது. கொட்டகை நிழலில் புகைக்குழாய் பழுத்த மிளகாய் நிறத்துக்கு வந்தது. தண்ணீர் வாய்க்காலை முட்டிக்கொண்டு பாய்ந்தது. எனக்கு உடம்பெல்லாம் சந்தோஷம். இதை நான் பூட்டினேன் என்று கத்தவேண்டும்போல் இருந்தது.

அப்போது ஊருக்குள்ளிருந்து சாயங்காலத் தொழுகைக்கான அஸர் பாங்கு கேட்டது.

என் கை போய் சுவிட்சை அணைத்தது. யோசித்து அணைக்கவில்லை. பதினைந்து வருஷமாக, ஒரு நாளைக்கு மூன்று தடவை செய்த காரியம். இன்ஜின் நின்றது. பாங்கு மட்டும் தெளிவாகக் கேட்டது. நானும் ஜமாலும் அமைதியாக நின்றோம். எனக்கு எதிரே தூணில் பலகை தொங்கியது. பாங்கு முடிந்த பிறகுதான் அதைப் படித்தேன்.

அவனிடம் எதுவும் சொல்லவில்லை. ஒரு தடவைதானே, ஒன்றும் ஆகியிருக்காது என்று என்னையே சமாதானப்படுத்திக்கொண்டு பெரம்பலூர் பஸ்ஸில் ஏறினேன்.

வியாழன் காலை முதல் பஸ்ஸில் திரும்பி வந்து, கொட்டகையில் யாரும் இல்லாதபோது காற்றுக் குழாயைக் கழற்றி டர்போ சக்கரத்தை விரலால் சுண்டினேன். முந்தின நாள் வரை சுண்டினால் பம்பரமாகச் சுற்றும். இப்போது நெரநெரவென்று அரைச் சுற்று சுற்றி நின்றது. அதைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு, ஜமாலின் அம்மாவிடம் “அரியலூர் வரைக்கும் போயிட்டு வரேங்க” என்று மட்டும் சொல்லிவிட்டுக் கிளம்பினேன்.

இரண்டு பஸ் மாறிப் போகிற வழியெல்லாம் பொய் தயாரித்தேன். அது ஒன்றும் கஷ்டமாக இல்லை. பழைய சரக்கு. யாரோ இடித்து நொறுக்கிய காரிலிருந்து வந்தது. எத்தனை ஓடியிருக்கிறதோ, யாருக்குத் தெரியும்? அங்கேயே உள்ளே போயிருக்கும். யாரும் மறுக்க முடியாது. இல்லையென்றால் மண்ணெண்ணெய் விட்டுக் கழுவி, கொஞ்சம் சுற்றவைத்துப் பூட்டிவிடலாம், ஞாயிற்றுக்கிழமை ஒரு நாள் தாங்காதா? என் பேரும் பிழைக்கும், அவன் ஆசையும் நிறைவேறும்.

ஃபோர்மேனிடம் நீட்டி, “பழைய சரக்கு சார், உள்ள போயிடுச்சு போல” என்றேன்.

அவர் அதைப் பிரித்தார். உள்ளே இருந்த கரியை நகத்தால் சுரண்டி, விரலில் தேய்த்து, மோந்து பார்த்தார். “பழைய கரின்னா கல்லு மாதிரி இருக்கும்ணே. இது நேத்து வெந்தது. இன்னும் வாசனைகூடப் போகலை.”

நான் காலிப் பையை மடித்தேன்.

“யாரு அணைச்சது?”

“பாங்கு சொன்னாங்க சார்.”

“அணைக்கலைன்னா யாராவது கோவிச்சுக்குவாங்களா?”

“மாட்டாங்க.”

“அப்புறம் ஏன் அணைச்சீங்க?”

“பழக்கம் சார்.”

அவர் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டவில்லை. கழுவிப் பூட்டினால் ஒரு நாள் தாங்குமா என்று கேட்டேன். அப்போதுதான் குரல் மாறியது. “தாங்கலாம். தாங்காமலும் போகலாம். நடு ஓட்டத்துல புடிச்சிடுச்சுன்னா எண்ணெய் வழிஞ்சு செவந்த குழாய் மேல ஊத்தும். தீ புடிக்கும். ஓட்டறவன் காலுக்கு ஒரு சாண் முன்னாலதான் அது இருக்கு. அந்தக் காலு உங்க கால் இல்லண்ணே. தண்டைத் தாங்கற புஷ்ஷைப் புதுசா கடைஞ்சு போட பத்து நாள் ஆகும். பத்து நாள் நம்மகிட்ட இல்ல. போயி அந்தத் தம்பிகிட்ட என்ன நடந்துச்சோ அதைச் சொல்லுங்க. முடிவு பண்ண வேண்டியது அவரு.”

நான் திரும்பியபோது ஜமால் வாசலில் காரைக் கழுவிக்கொண்டிருந்தான். ஓரமாகக் கூட்டிப்போகவில்லை. கூட்டிப்போனால் வழியில் மனசு மாறிவிடும் என்ற பயம். அங்கேயே சொன்னேன். நான் அணைத்தேன், டர்போ போய்விட்டது, நேற்றே எனக்குச் சந்தேகம் இருந்தது, சொல்லவில்லை, இன்றைக்கு அரியலூரில் பொய்யும் சொல்லிப் பார்த்தேன். எல்லாவற்றையும் சொன்னேன்.

அவன் வாளியில் மீதியிருந்த தண்ணீரை டயர்மேல் மெதுவாக ஊற்றினான். வாளியைக் கவிழ்த்து வைத்துவிட்டு வயல் பக்கம் நடந்துபோனான். அடித்திருந்தால்கூட வாங்கிக்கொண்டிருப்பேன். கண்ணில் தண்ணீர் வந்ததை ஒத்துக்கொள்கிறேன்.

கால் மணி நேரம் கழித்துத் திரும்பி வந்தான். “டர்போ இல்லாம ஓடுமாண்ணே?”

ஓடும். டர்போ காற்றை அமுக்கித் தரும் என்பதற்காக, இன்ஜின் மூடியான ஹெட்டுக்குக் கீழே தடித்த கேஸ்கட் தகடு போட்டு இன்ஜினின் சொந்த அமுக்கத்தைக் குறைத்து வைத்திருந்தோம். அதை எடுத்துவிட்டுப் பழைய மெல்லிய கேஸ்கட் போடவேண்டும். அதைச் சொல்லிவிட்டு, “ஓடும். ஜெயிக்குமான்னு தெரியாது” என்றேன்.

“மெட்ராஸ் வரைக்கும் நீங்க பக்கத்துல உக்காருவீங்களா?”

“உக்காருவேன்.”

வெள்ளிக்கிழமை முழுவதும் பூட்டினோம். சனிக்கிழமை விடிந்ததும் மெட்ராஸ் ரோட்டில் கிளம்பினோம், நான் பக்கத்து சீட்டில். டர்போ இல்லாத அந்த இன்ஜின் எப்படி இருக்கும் என்று எனக்கே தெரியாது. மிதித்ததும் புரிந்தது. உரசல் இல்லை, தேவையில்லாத எடை இல்லை. அவிழ்த்துவிட்ட கன்றுக்குட்டி மாதிரி பாய்ந்தது. ஜமால் இரண்டு நாளில் முதல் தடவையாகச் சிரித்தான்.

பந்தயத்தில் அவன் பிரிவில் ஆறு கார்கள். கொடி அசைந்ததும் எல்லோருக்கும் முன்னால் கிளம்பியது எங்களுடையதுதான். நீள நேர்ப்பாதையில் இரண்டு பெரிய இன்ஜின்காரர்கள் தாண்டிப் போனார்கள். அங்கே டர்போ இருந்திருந்தால் என்று வேலியோரம் நின்ற நான் பல்லைக் கடித்தேன். வளைவுகளில் மறுபடியும் நெருங்கினான். எட்டாவது சுற்றில் எங்களுக்குப் பின்னால் வந்த ஒரு கார் ஆவி கக்கி நின்றது. எங்கள் கார் நிற்கவில்லை, திணறவில்லை. மூன்றாவதாக வந்தான். மூன்றாவதற்குக் கோப்பை கிடையாது. ஆனால் முதலாவதாக வந்தவர் எங்கள் காரின் பானட்டைத் திறக்கச் சொல்லி ரொம்ப நேரம் உள்ளே பார்த்துக்கொண்டிருந்தார். ‘இதை எங்க பூட்டினீங்க?’ என்று கேட்டார். ‘பெரம்பலூர்’ என்றேன். அவருக்கு அது எந்தப் பக்கம் என்று தெரியவில்லை. எனக்கு அதில் இன்னும் கொஞ்சம் பெருமை.

மறுநாள் விமான நிலையத்து வாசலில் பெட்டியை இறக்கி வைத்துவிட்டு நின்றோம். ஜமால் கார் சாவியை என் கையில் கொடுத்தான். போகாமல் நின்றான்.

“அண்ணே, ஒண்ணு சொல்லணும். அன்னிக்கு நான் வால்வுகிட்ட நின்னேன்ல. நீங்க சுவிட்சுல கை வெச்சதும் எனக்குத் தெரிஞ்சிடுச்சு. பலகை கண்ணுக்கு நேரா இருக்கு. அணைக்காதீங்கன்னு வாய் வரைக்கும் வந்துச்சு.”

“ஏன் சொல்லல?”

“எங்க பாங்குக்காக நீங்க அணைக்கிறீங்க. நான் போயி அணைக்காதீங்கன்னு எப்படிண்ணே சொல்றது? மரியாதையா இருக்குமா?”

நான் சாவியை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றினேன்.

“வியாழக்கிழமை விடிகாலை பஜர் தொழுதுட்டு நேரா கொட்டகைக்குத்தான் போனேன். உங்களுக்கு முன்னாடியே சுத்திப் பாத்துட்டேன். நெரநெரன்னுச்சு. மாட்டி வெச்சுட்டு வூட்டுக்கு வந்துட்டேன். நீங்க அரியலூருக்குப் போயிட்டீங்கன்னு அம்மா சொன்னாங்க. என்னா சொல்லிக்கிட்டு வரப்போறீங்கன்னு காரைக் கழுவிக்கிட்டே உக்காந்திருந்தேன். ஏற்கெனவே கழுவின கார்தாண்ணே அது.”

“பழைய சரக்குன்னு சொல்லியிருந்தா?”

“சரிண்ணேன்னு தலையாட்டியிருப்பேன். ஆனா நீங்க பூட்டின வண்டியில ஏறியிருக்க மாட்டேன்.”

தோளில் ஒரு தட்டுத் தட்டிவிட்டு உள்ளே போய்விட்டான். காரில் ஏறி உட்கார்ந்த பிறகுதான் எனக்கு உறைத்தது. சுவிட்சில் கை வைத்த அந்த நொடியில் அவனும் வாயைத் திறக்கவில்லை, நானும் கையை எடுக்கவில்லை. ஒருவரை ஒருவர் மதித்தே ஒரு நல்ல டர்போவைக் கொன்றுவிட்டோம். வியாழக்கிழமை மட்டும் நான் வாயை மூடியிருந்தால், அவன் என்னை மதிப்பதையும் விட்டிருப்பான். அது எனக்குத் தெரியாமலே போயிருக்கும்.

அடுத்த லீவுக்கு ஜமால் இன்னொரு டர்போ கொண்டுவந்தான். அது ஒன்பது வருஷம் ஓடியது. இன்றைக்கு உங்களுக்கு மேலே சூப்பர்வைசர்கள் இருக்கிறார்கள், படித்தவர்கள், வயதில் பெரியவர்கள். அவர்கள் கை தப்பான சுவிட்சுக்குப் போகும்போது உங்களுக்குத் தெரியும். மரியாதை பார்த்துக்கொண்டு நிற்காமல் கையைப் பிடித்துவிடுங்கள். கோபித்துக்கொண்டால் என்னிடம் அனுப்புங்கள், நான் பேசிக்கொள்கிறேன்.